நாற்பத்திரண்டாம் எண் பை

ஜூன் 15, ஞாயிறு

கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசாகக் கிடைத்த நோட்டு இது. முதல் பரிசு அகராதி. எனக்கு அகராதிதான் வேண்டியிருந்தது. ஆனாலும் இதை வீணாக்கப் போவதில்லை. பத்தாம் வகுப்பு முடியும்வரை எழுதுவேன். ஒரே விதி: பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. ஆய்வகக் குறிப்பேட்டுக்கு எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்ன விதி இது. எனக்குப் பிடித்திருக்கிறது.

என் பெயர் தாரணி. அப்பா திருமூர்த்தி, தேவணாம்பதியிலிருந்து மஞ்சமலை எஸ்டேட்டுக்குப் போகும் பேருந்தில் கண்டக்டர். அம்மா கலாமணி கயிறு ஆலையில் வேலை செய்கிறார். இன்று எஸ்டேட்டில் இருக்கும் தோழியைப் பார்க்க அப்பாவின் பேருந்திலேயே போய் வந்தேன். மலையில் பத்தொன்பது வளைவுகள். பதினோராவது வளைவில் ஒரு டீக்கடை, அதன் பின்னால் ஒரு கழிப்பறை. அங்கே பேருந்து நின்றது. டிரைவர் நாச்சிமுத்து மாமா திரும்பிப் பார்த்து, "எஞ்சின் சூடாயிருச்சுங்க. அஞ்சு நிமிசம் கம்முனு இருங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். அப்பா கடைக்குப் பின்னால் போனார். பதினான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு பாட்டி, "எஞ்சினுக்கு வயித்த வலியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இறங்கும்போதும் அதே இடத்தில் எஞ்சின் சூடாயிற்று. பனி இறங்கியிருந்தது. இறக்கத்தில் ஏன் சூடாகிறது என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அப்பா கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தார். இதுவரை அவர் கழுவிப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு தரையின் மூலையில் சிவப்பாக ஒரு துளி இருந்தது. நாங்கள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டோம், போன வாரம்.

ஜூன் 22, ஞாயிறு

நூலகத்தில் அறிவியல் இதழ் ஒன்று படித்தேன். நாம் வெளியே விடும் மூச்சில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றனவாம். உடலுக்குள் எங்கே என்ன நடந்தாலும் அதன் தடயம் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியேறக்கூடும் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் ஆச்சரியம், அதே விஷயம் ஒரு நோட்டீஸில். அப்பா அதில் வடை சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஜூலை 6 அன்று டிப்போவில் முகாம். பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே அறிய மூச்சுப் பரிசோதனை உதவுமா என்று கோவையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வருகிறது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொள்ளலாம்.

எண்ணெய் படாத பகுதியைச் சத்தமாக வாசித்தேன்.

"தெனமும் காலைல ஊதிட்டுத்தான் வண்டியே எடுக்கறோம். இதுல லீவு நாள்லயும் ஊதோணுமா?" என்றார் அப்பா. ஷிப்ட் தொடங்கும் முன் குடித்திருக்கிறார்களா என்று பார்க்க டிப்போவில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்கிறார்.

பிறகு ஒரு பழைய கதை சொன்னார். அந்தக் கருவி வருவதற்கு முன் ஊதும் குழாயில் ஆளுக்கு ஓர் எண் வில்லை கட்டித் தருவார்களாம். குடித்துவிட்டு வந்த மெக்கானிக் ஒருவர், பக்கத்தில் இருந்தவரின் வில்லையை அவிழ்த்துத் தன்னுடையதில் கட்டிவிட்டாராம். பக்கத்தில் இருந்தவர் அய்யப்பனுக்கு மாலை போட்டிருந்தவர். "மாலையோட நிக்கறான், அவனுக்கு மெமோ" என்று சொல்லி அப்பா இருமும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அப்பாவின் பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டைகள் இரண்டு. நூலால் அளந்தேன். பழைய ஓட்டைக்கும் கடைசிப் புது ஓட்டைக்கும் இடையில் ஆறு சென்டிமீட்டர்.

அலமாரியில் மூல லேகியம் டப்பா இருக்கிறது. முக்கால்வாசி காலி.

"ஏனுங்க, டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க" என்று அம்மா சொன்னார்.

"ஒக்காந்தே வேல பாத்தா மூலம் வரும், நின்னே வேல பாத்தாலும் மூலம் வரும். டிப்போல பாதிப் பேத்துக்கு இருக்குது."

"பாதிப் பேரு சட்டை தொளதொளன்னா இருக்குது?"

அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜூலை 3, வியாழன்

அப்பாவை முகாமுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று நாட்களாகக் கேட்கிறேன். முதல் நாள் "பாக்கலாம்." இரண்டாம் நாள் "படிக்கற வேலையப் பாரு." இன்று நாச்சிமுத்து மாமா வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் முன்னாலேயே கேட்டேன்.

"ஊதறதுக்கு என்ன மச்சா? ஊசியா போடறாங்க? நானும் வாரேன். எம் மூச்சு எப்படின்னு ஊரு பாக்கட்டும்" என்றார் மாமா.

மாமாவுக்குக் காளை உடம்பு. கையால் தேங்காய் உடைப்பார். பதினாறு வருடமாக அப்பாவும் அவரும் ஒரே வண்டியில் போகிறார்கள். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "சரி, இந்த அம்மிணி விடாது" என்றார்.

விடமாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும்.

நேற்றிரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் பற்பசை, வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. அப்பா வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். டிப்போவின் ஓய்வறைக்கு மாடிப்படி ஏற வேண்டும். இருபத்திரண்டு படிகள். பன்னிரண்டாவது படியில் அப்பா நின்று செருப்பு வாரைச் சரி செய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

மேலே நல்ல கூட்டம். "என்ன திருமூர்த்தி, நேத்து சரக்கு எச்சாயிருச்சா? ஞாயித்துக்கெழமயும் ஊதச் சொல்லீட்டாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"உம் பொண்டாட்டி மனு எழுதிப் போட்டாளாம், உனக்குத்தான் முகாம் வெச்சிருக்காங்க" என்றார் அப்பா.

குழுவின் டாக்டர் பெயர் ரெஹானா. இளம் வயது, அக்கா என்றே கூப்பிடச் சொன்னார். பெயர்ச்சீட்டு எழுத ஆள் போதாமல் திணறினார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார். எண்ணும் பெயரும் எழுதிய சீட்டை ஒவ்வொரு பையின் வாயிலும் நூலால் கட்ட வேண்டும். வெள்ளி நிறப் பை, பிடித்துப் பார்த்தால் சிப்ஸ் பாக்கெட் மாதிரி மொறமொறக்கிறது. அம்மா ஆலையில் கயிற்றுக் கட்டுக்குப் போடும் முடிச்சில் கட்டினேன். அது இழுக்க இழுக்க இறுகும், தானாக அவிழாது. அப்பாவுக்கு 41, நாச்சிமுத்து மாமாவுக்கு 42.

"அக்கா, இதுல ஊதினா புற்றுநோய் இருக்குன்னு தெரிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. குடல்ல கட்டி வளர ஆரம்பிச்சா மூச்சுல இருக்கற கலவை கொஞ்சம் மாறுதுன்னு நினைக்கிறோம். அப்படி மாறியிருக்கறவங்கள முதல்ல உள்ள கேமரா விட்டுப் பார்ப்போம். மூச்சு சொல்றது சரிதானான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சியே."

"தப்பாவும் சொல்லுமா?"

"சொல்லும். அதனாலதான் கடுதாசியில அறிகுறி இருந்தா டாக்டரைப் பாருங்கன்னு எழுதுவோம். ரத்தம் போறது, காரணமில்லாம மெலியறது, மலம் போற விதம் மாறறது. அப்படி இருக்கறவங்க எங்க பைக்காகக் காத்திருக்கவே கூடாது."

இந்தக் கேள்விகள் படிவத்திலும் இருந்தன. அப்பா எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். படிவத்தை நான்தான் வாங்கி அடுக்கினேன்.

இரண்டு இரண்டு பேராகத் திரைக்குப் பின்னால் போய், பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பிறகு ஊத வேண்டும். அப்பாவும் மாமாவும் சேர்ந்து போனார்கள். ஊதி முடித்ததும் மாமாவுக்குப் போன் வந்தது. பையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார். திரை கொஞ்சம் விலகியிருந்தது. அப்பாவின் விரல்களில் நூல் இருந்தது. என் முடிச்சு அவிழ்ந்திருக்கும், மறுபடி கட்டுகிறார்.

பைகள் என்னிடம் வந்தன. 41 விறைப்பாக உப்பியிருந்தது. 42 துவண்டு கிடந்தது, பாதிதான் இருக்கும். மாமாவைவிட அப்பாவுக்கு மூச்சு அதிகம் என்று பெருமையாக இருந்தது. தினமும் விசில் ஊதுகிறவர் அல்லவா. இரண்டு சீட்டுகளும் ஷூ கயிறு மாதிரி இரட்டைக் காது முடிச்சில் இருந்தன. நான் அப்படிக் கட்டுவதில்லை.

ஜூலை 7, திங்கள்

கணிதத் தேர்வு. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஜூலை 23, புதன்

கடிதம் வந்தது. எண் 41: தற்போது மேல் பரிசோதனைக்கான குறிப்பு எதுவும் இல்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சாயங்காலம் கேசரி கிண்டினார். கேசரி பாத்திரத்தோடு நாச்சிமுத்து மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் நிறைய இருந்தன. மாமாவுக்குக் கோவையிலிருந்து போன் வந்ததாம். அவருடைய மூச்சில் வித்தியாசம் இருக்கிறது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று.

கேசரியைத் திருப்பிக் கொண்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அதையே மறுபடி போட்டார். அப்புறம் மறுபடி கழற்றினார்.

ஜூலை 25, வெள்ளி

மாமா வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர், இன்று உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது தெரிந்தது.

"எங்கப்பனும் இதுலதான் போனாரு மச்சா. வயித்த வலி வயித்த வலின்னே இருந்தாரு. அந்தக் காலத்துல யாரு பாத்தா? நாப்பத்தெட்டு வயசு. எனக்கு இப்ப அம்பது" என்றார்.

அப்பாவுக்கு இது தெரியாது போலிருக்கிறது. "நீ சொன்னதே இல்லயே" என்றார்.

"சொல்ற சமாச்சாரமா இது? ஆவணி பதிமூணு பிள்ளைக்குக் கல்யாணம். அதுக்கு முன்னால என்னைய வெட்டிப் போட்டாங்கன்னா? கல்யாணத்த முன்னுக்குத் தள்ளலாமான்னு சம்பந்தி வீட்டுல கேக்கலாம்னு இருக்கேன்."

"உனக்கு ஒண்ணும் இருக்காது மச்சா" என்றார் அப்பா. இதே வாக்கியத்தை நான்கு முறை சொன்னார். நான்காவது முறை மாமா நிமிர்ந்து பார்த்து, "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். குழாயில் தண்ணீர் வரும் நாள் நாளைக்கு.

ஜூலை 27, ஞாயிறு

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். இன்று என் விதியை மீறப் போகிறேன்.

41 உப்பியிருந்தது. 42 துவண்டிருந்தது. இருபத்திரண்டு படி ஏற முடியாதவர் அப்பா. கையால் தேங்காய் உடைப்பவர் மாமா. முடிச்சுகள் இரண்டும் என்னுடையவை அல்ல. அம்மாவின் முடிச்சு தானாக அவிழாது. அப்பா டிப்போவின் பழைய கதையை எங்களிடமே சொல்லிச் சிரித்தார்.

42 அப்பாவின் மூச்சு.

இதை நான் இன்றுதான் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் அது பொய். ஜூலை 6 அன்று விரல்களில் நூலைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவசரமாக 'அவிழ்ந்திருக்கும்' என்று எழுதினேன். அது பார்த்தது இல்லை, நினைத்தது. படிவத்தில் 'இல்லை' என்று இருந்ததை ரெஹானா அக்காவிடம் காட்டாமல் அடுக்கியதும் நான்தான். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பார்த்ததன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் 18-க்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: பீட்ரூட் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். மாமாவின் குடலுக்குள் கேமரா போகும், ஒன்றும் இருக்காது, திரும்பி வருவார். அப்பாவின் குடலுக்குள் யாருமே பார்க்கமாட்டார்கள். அவரிடம் சுத்தம் என்று ஒரு கடிதம் இருக்கிறது, சாமி படத்துக்கு முன்னால்.

நேரில் கேட்டால் ரேடியோவைக் கூட்டுவார். அதனால் இந்த நோட்டை நாளைக் காலையில் அவருடைய கண்டக்டர் பைக்குள் வைக்கப் போகிறேன். பதினோராவது வளைவில் பதினான்கு நிமிடம் கிடைக்கும். அப்பா, படியுங்கள். எல்லாப் பக்கத்தையும்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று முழுவதும் நோட்டு அப்பாவிடம் இருந்தது. காலையில் எழுந்தபோது என் புத்தகப் பையின் மேல் இருந்தது. உள்ளே அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. அப்படியே விட்டுவிடுகிறேன்:

*தாரணி, படிச்சேன். 42 என்னுதுதான். முடிச்ச நாந்தான் மாத்துனேன். எட்டு மாசமா ரத்தம் போகுது. மூலம்னு நெனச்சுக்கிட்டா மூலமாவே இருந்துரும்னு இருந்தேன். உள்ளார எதாச்சும் இருக்குதுன்னு ஆயிட்டா வண்டி ஏற விடமாட்டாங்கன்னு பயம். நாச்சிமுத்துக்கு இரும்பு ஒடம்பு, கூப்புட்டாலும் போய்ப் பாத்துட்டு வந்துருவான்னு நெனச்சேன். அவங்கப்பன் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பனான்னு கேட்டா, தெரியல. சாயங்காலம் அவன் ஊட்டுக்குப் போறேன். நீயும் வரோணும். தனியாப் போனா பாதில திரும்பிருவேன்.*

மாலையில் போனோம். அம்மாவிடம் கிளம்பும் முன் சொன்னார். அம்மா நேராக அலமாரிக்குப் போனார். லேகியத்தை வழித்துக் குப்பையில் போட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எங்களோடு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மாமா வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்பா நின்றபடியே சொன்னார். சுருக்கமாகச் சொல்லிவிட்டார். மாமாவின் விரலில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"அப்ப என்னோட பை?"

"உன்னுது சுத்தம். கடுதாசி எங்கூட்டுல இருக்குது."

அத்தை "அட பாவி" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மாமா கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். "பதினாறு வருசம். ஒரு விசில் குடுத்தா நிறுத்துவேன், ரெண்டு குடுத்தா எடுப்பேன். பின்னால என்னன்னு திரும்பிப் பாத்திருக்கனாடா? பள்ளம் இருக்கற பக்கம் ரிவர்ஸ் எடுக்கறேன், உன் விசில நம்பி. ஆறு நாளா எங்கப்பன் செத்த கட்டுல்லயே படுத்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

அப்பா தலை குனிந்து நின்றார். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன். கை ஈரமாக இருந்தது. என் கையா, அவர் கையா, தெரியவில்லை.

"வெள்ளிக்கெழம எம் பேர்ல நேரம் போட்டிருக்காங்கல்ல. அதுல நீ போய்ப் படு. கார் எடுத்துட்டு வாரேன். ஆனா உங்கூட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றார் மாமா.

ஜூலை 30, புதன்

ரெஹானா அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். சீட்டு மாறியதைச் சொன்னேன். அந்த இரண்டு மாதிரிகளையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். முடிந்தால் இருவரும் மறுபடி ஊத வேண்டும் என்றார்.

"எட்டு மாசமா ரத்தம் போகுதுன்னு சொல்லியிருந்தா மூச்சே வேண்டாமே தாரணி. அன்னைக்கே கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"எனக்கும் தெரியும் அக்கா. நானும் சொல்லல."

"நீ இப்ப சொல்லியிருக்க. அப்பாகிட்டப் போனைக் குடு."

அப்பா பன்னிரண்டு முறை "சரீங்க" சொன்னார்.

ஜூலை 31, வியாழன்

குடலைச் சுத்தம் செய்ய மருந்து கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்று லிட்டர். நான் கடிகாரத்தைப் பார்த்து டம்ளர் கொடுத்தேன். "உப்புப் போட்ட எளநி மாதிரி இருக்குது" என்றார் முதல் டம்ளரில். ஆறாவதில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தில் 'குடும்ப வேலை' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'அப்பாவுக்குப் பெருங்குடல் பரிசோதனை' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொன்னபடியே மாமா கார் ஓட்டினார். சொன்னபடியே பேசவில்லை. அப்பா வழியில் மூன்று இடத்தில் இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும், கேட்பதற்கு முன்பே மாமா சரியான இடத்தில் நிறுத்தினார்.

முதலில் இருவரும் மறுபடி ஊதினார்கள். சீட்டை நான் கட்டினேன். மாமா தன் பையை ரெஹானா அக்காவிடம் கொடுக்கும்வரை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

கேமரா பரிசோதனை நாற்பது நிமிடம். அம்மா முந்தானையில் நூல் பிரித்துக்கொண்டே இருந்தார். பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் படம் காட்டினார். இடது பக்கக் குடலில் நெல்லிக்காய் அளவில் ஒரு வளர்ச்சி. சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது சிவப்பாக இருந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புற்றுநோய்தான்.

எழுதிவிட்டேன். எழுதினால் கை நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. ஸ்கேனில் கல்லீரலிலோ நுரையீரலிலோ எதுவும் இல்லை. 19-ஆம் தேதி அறுவை சிகிச்சை. "இன்னும் ஆறு மாசம் லேகியம் சாப்பிட்டிருந்தா வேற பேச்சு பேசியிருப்போம்" என்றாராம் பெரிய டாக்டர்.

லேகிய டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

டிப்போவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவே சொன்னாராம், காலையில் ஊதுவதற்கு வரிசையில் நிற்கும்போது. இனிமேல் என்ன வெட்கம் என்று நினைத்திருப்பார். ஒருவரும் கேலி பேசவில்லையாம். மூன்று பேர் தனித்தனியாக வந்து, "எனக்கும் ரத்தம் போகுதுப்பா" என்று காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மூன்று பேருக்கும் ரெஹானா அக்காவின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் போய்க் காட்டிவிட்டார். மற்ற இருவரையும் விடமாட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை எட்டரைக்கு உள்ளே போனார். ஒன்றேகாலுக்கு வெளியே வந்தார். காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு பாடம் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வளர்ச்சி இருந்த பகுதியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த முடிவு வந்த பிறகுதான் மேற்கொண்டு மருந்து வேண்டுமா என்று சொல்வார்கள். இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் இங்கே எழுதுவேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. வாயில் குழலை வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். மூன்றும் எழும்பினால் நல்லது. அப்பா குழலை வாயில் வைத்ததும் ஊதுகிறார். விசில் ஊதும் அதே வாய். பந்துகள் அசையவே இல்லை.

"ஐயா, ஊதக்கூடாது, இழுக்கணும்" என்று நர்ஸ் காலையிலிருந்து சொல்கிறார். அப்பா தலையாட்டிவிட்டு மறுபடி ஊதினார். அடுத்த முறை வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். ஒரு பந்து கொஞ்சம் நகர்ந்து விழுந்தது. "முடியல கண்ணு" என்று கருவியைக் கீழே வைத்துவிட்டார். நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். மறுபடி வைத்தார். மறுபடி கொடுத்தேன்.

மாமா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு நடுவிலும் மூன்று நாளாக வருகிறார். வந்து அந்த நாற்காலியில் உட்காருவார், ஒரு மணி நேரம் இருப்பார், போவார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாமல் இருப்பதற்கே அவ்வளவு தூரம் வருகிறார்.

அப்பா மறுபடி குழலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது.

"ஊதாத மச்சா" என்றார் மாமா.

இருபத்து நான்கு நாள் கழித்து முதல் வார்த்தை. அப்பா குழலை எடுக்காமலே அவரைப் பார்த்தார்.

"பதினாறு வருசமா ஊதியாச்சு, போதும். இழு. வளைவு ஏறுற மாதிரி, மெல்ல. அவசரப்படாத. இழு, இழு, விடாத."

ஒரு பந்து எழும்பியது. இரண்டாவது பாதிவரை வந்து நடுங்கி நின்றது. அப்பாவின் கண் மாமா மேலேயே இருந்தது. இரண்டாவது பந்து மேலே போய் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது எழும்பவில்லை. நாளைக்கு எழும்பும். இது நான் பார்த்தது இல்லை, நினைத்தது. இருந்தாலும் எழுதுகிறேன்.